நம்ம ரத்தத்தில் இருக்கிறதா வாய்ப்புற்று?

காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் என் பாட்டி வைத்திருந்த வெற்றிலைப் பெட்டி பித்தளையில் செய்தது. மேல்தட்டில் பாக்குவெட்டி. கீழே ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, பழைய தைலப் புட்டியில் குழைத்த சுண்ணாம்பு, காகிதத்தில் மடித்த புகையிலை. விடியாத இருட்டில் பெரட்டுக்குக் கிளம்புமுன் ஒரு வாய், மரம் சீவி முடித்துப் பால் எடுக்கும்வரை ஒரு வாய், மதியச் சோற்றுக்குப் பின் ஒரு வாய். இரவில் கடைவாயில் அதக்கியபடியே தூங்கிப்போவார். எண்பதைத் தாண்டி வாழ்ந்த பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே பெட்டியில் கைவிட்டு எடுத்துப் போட்ட அவருடைய தங்கைக்குத்தான், அதக்கி வைக்கும் இடது கன்னத்தின் உட்புறத்திலேயே புண் வந்தது. ஆறவே இல்லை.

சின்னப்பாட்டியின் கருமாதி முடிந்த அன்று வீட்டில் யாரோ கேட்டார்கள்: "இது நம்ம ரத்தத்துல இருக்கா?" பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், செந்தூல் என்று எங்கே புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தாலும் இதே கேள்வியை இன்றும் கேட்கிறேன். கேட்பவர்களின் கையில் இப்போது 'ஜீன்' என்ற சொல்லும் இருக்கிறது. ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரிக்காமல் பதில் சொல்ல முடியாது. தாய் தகப்பனிடமிருந்து கருவிலேயே வாங்கி வந்த மரபணு வேறுபாடு ஒன்று. நாம் வாழும் காலத்தில், வாயின் ஒரு மூலையில் இருக்கும் செல்களில் மட்டும் ஏற்படும் பிறழ்வு இன்னொன்று. முதலாவது உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கும், பிள்ளைக்கும் போகலாம். இரண்டாவது அந்தக் கன்னத்தோடு பிறந்து அந்தக் கன்னத்தோடு முடியும். இரண்டையும் 'ஜீன் கோளாறு' என்று ஒரே பெயரில் அழைப்பதால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

மலேசிய இந்தியர்களுக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா 1966இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய நீண்ட ஆய்வு, மத்திய ஆசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாய், தொண்டைப் புற்றுகளைப் பழக்கங்களோடு சேர்த்து அலசியது. மலாயாவும் அதில் உண்டு. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் கே. ராமநாதன் தீபகற்ப மலேசியாவின் வாய்ப்புற்றுகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்து எழுதினார். 1993-94இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரொஸ்னா சைன் குழுவினர் நாடு முழுவதும் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயைத் திறந்து பார்த்தார்கள். புற்றும், புற்றுக்கு முந்தைய படலங்களும் இந்தியர்களிடமும், சபா சரவாக் பூர்வகுடிகளிடமும் மிகுந்திருந்தன. மக்கள்தொகையில் இன்று 7 சதவீதத்தைக்கூட எட்டாத ஒரு சமூகம், வாய்ப்புற்றுப் பட்டியலில் மட்டும் தன் பங்குக்குப் பல மடங்கு மேலே நிற்கிறது. அதிலும் பெண்கள். உலகின் பெரும்பகுதியில் இது ஆண்களின் நோய். நம் தோட்டங்களில் வெற்றிலைப் பெட்டி பெண்களின் மடியில் இருந்தது.

சபா, சரவாக் மக்களுக்கும் நமக்கும் ரத்த உறவு ஏதுமில்லை. பொதுவாக இருப்பது பாக்கு ஒன்றுதான். என் கேள்விக்கான பாதி விடை அந்த ஒரு தகவலிலேயே கிடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. பாக்கு இந்த மண்ணுக்கு அந்நியமும் அல்ல. பினாங்குத் தீவு பாக்கின் பெயரையே தாங்கி நிற்கிறது. மலாய்மொழியில் பெண் கேட்பதைக் குறிக்கும் சொல்லே பாக்கிலிருந்து வந்தது. நமக்கு நிச்சயதாம்பூலம் மாதிரி. மங்கலப் பொருளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது யாருக்கும் சுலபமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைக்கே அதற்கு வருஷங்கள் பிடித்தன. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று 1985இல் சொன்னது. புகையிலையே சேர்க்காத வெற்றிலையும், தனிப் பாக்கும்கூட உண்டாக்கும் என்று உறுதியாகச் சொன்னது 2004இல் வெளிவந்த 85ஆவது தொகுதியில்தான். "நான் போயிலை போடறதில்லை, வெறும் பாக்குதான்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும் அத்தைமார்களுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பாக்கு வாயில் என்ன செய்கிறது? அதில் அரிகோலின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. போதையும் சுறுசுறுப்பும் அதனால்தான். எச்சிலோடு சேர்ந்து அது நைட்ரோசமைன்களாக மாறும். சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையை ஏற்றிவிட, பாக்கின் துவர்ப்புப் பொருள்களிலிருந்து தீவிரமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்புகின்றன. இரண்டும் நேராகப் போய் டிஎன்ஏவைத் தாக்கக்கூடியவை. இதுபோக, பாக்கில் தாமிரம் அதிகம். தோலுக்கடியில் நார்களை இறுக்கிக் கட்டும் ஒரு நொதியை அது தூண்டிவிடும். கன்னம் மெல்லமெல்ல அட்டைபோல விறைத்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் குடியேறிய ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைப் பார்த்துக் காரணம் தெரியாத நோய் என்று பெயரிட்டார். பெண்கள் இந்தியர்கள், ஊர் ஆப்பிரிக்கா, காரணம் தெரியாது! கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நார்த்தடிப்பு உள்ளவர்களை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது அவர்களில் 7.6 சதவீதத்தினருக்குப் புற்று வந்தது.

இனி மரபணு. மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள் இருக்கின்றன. வாயின் உள்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாவது. ஒவ்வொரு முறையும் இந்த எழுத்து முழுவதையும் படியெடுக்க வேண்டும். படியெடுப்பில் வரும் பிழைகளோடு ரசாயனத் தாக்குதலும் சேர்ந்துகொள்கிறது. சுவையான விஷயம், ஒவ்வொரு விஷத்துக்கும் ஒரு கையெழுத்து உண்டு. எந்த எழுத்தை எந்த எழுத்தாக மாற்றுகிறது, அதன் இருபுறமும் எந்த எழுத்து இருக்கும்போது மாற்றுகிறது என்பதைக் கொண்டு, கட்டியின் டிஎன்ஏவை மட்டும் பார்த்தே எது தாக்கியது என்று ஊகிக்கலாம். சிகரெட் புகையின் கையெழுத்து 4ஆம் எண். வெயிலுக்கு 7. இந்தியாவின் கன்னப்புற்றுகளைப் படித்தபோது சிகரெட்டுடையதைப் போலவும் இருந்து அதனின்றும் விலகி நின்ற ஒன்று தட்டுப்பட்டது. மெல்லும் புகையிலையோடு தொடர்புடையது என்று பதிவாகி, இன்று அதற்கு 29ஆம் எண். சின்னப்பாட்டியின் கன்னத்தை யாரும் அப்படிப் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்தக் கையெழுத்து அங்கே இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எழுத்துப்பிழை எங்கே விழுந்தாலும் புற்று வருவதில்லை. பெரும்பாலானவை எந்த அர்த்தமும் இல்லாத இடங்களில் விழுந்து வீணாகும். 2015இல் அமெரிக்காவின் புற்று மரபணுத் தொகுப்புத் திட்டம் 279 தலை, கழுத்துக் கட்டிகளைப் பிரித்துப் படித்து வெளியிட்ட வரைபடத்தில், ஹெச்பிவி வைரஸ் சம்பந்தப்படாத கட்டிகளில் 84 சதவீதத்தில் டிபி53 மரபணு பழுதாகியிருந்தது. 58 சதவீதத்தில் சிடிகேஎன்2ஏ முடங்கியிருந்தது. டிபி53இன் வேலை, டிஎன்ஏ சேதமான செல்லைப் பிரியவிடாமல் நிறுத்திவைப்பது. சரிசெய்ய முடியாவிட்டால் அதைச் சாகச் சொல்வது. சிடிகேஎன்2ஏ, செல் பிரிவதற்கான வாசலில் நிற்கும் காவலாளி. இரண்டுமே பிரேக்குகள்.

ரத்தப்புற்றிலோ நுரையீரல் புற்றிலோ ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு மரபணு ஓடிக்கொண்டே இருக்கும். அதை அடைக்கும் மாத்திரை கண்டுபிடித்தால் நோய் அடங்கும் என்ற கதைகள் நாளிதழ்களில் வருகின்றன. வாயில் நடப்பது பெரும்பாலும் அப்படியில்லை. இங்கே ஆக்சிலரேட்டர் மரபணுக்களும் இருக்கின்றன: பிக்3சிஏ, ஹெச்ராஸ், 11ஆவது குரோமோசோமில் பல படிகளாகப் பெருகிவிடும் சைக்ளின் டி1. ஆனால் முன்னணியில் நிற்பவை அறுந்த பிரேக்குகள்தாம். மலேசியக் குழு ஒன்று 2013இல் ஆசியர்களின் வாய்ப்புற்றில் வழக்கமான ஆக்சிலரேட்டர் பிறழ்வுகளைத் தேடியபோதும் அவை அரிதாகவே கிடைத்தன. அடைப்பதற்கு மருந்து செய்யலாம். இல்லாமல்போன புரதத்தை எதைக் கொண்டு அடைப்பது? தலை, கழுத்துப் புற்றுக்குக் குறிமருந்துகள் இவ்வளவு குறைவாக இருப்பதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

ஹெச்பிவி வைரஸ் இதே காரியத்தை வேறு வழியில் செய்கிறது. அதன் ஈ6 புரதம் டிபி53 உருவாக்கும் புரதத்தை அழித்துவிடும். ஈ7 இன்னொரு காவலாளியை முடக்கும். எழுத்தைத் திருத்தவே வேண்டாம். ஆகவே அந்தக் கட்டிகளில் டிபி53 பெரும்பாலும் பிழையில்லாமல் இருக்கும், கட்டிகளும் சிகிச்சைக்கு நன்றாகவே இணங்கும். மேலைநாடுகளில் பெருகிவரும் தொண்டைப் புற்றின் கதை அது. மலேசியாவில் 2010 முதல் பள்ளி மாணவிகளுக்குப் போடும் ஹெச்பிவி தடுப்பூசி கருப்பைவாயை மனத்தில் வைத்துத் தொடங்கியதென்றாலும் தொண்டைக்கும் அதில் லாபமுண்டு. கன்னத்துக்கு லாபமில்லை.

நமக்கு நெருக்கமான வரைபடம் 2013இல் இந்தியாவிலிருந்து வந்தது. கொல்கத்தாவை அடுத்த கல்யாணியின் தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகுதி நிறுவனமும் மும்பை டாட்டா நினைவு மையமும் சேர்ந்து, ஈறும் கன்னமும் சந்திக்கும் இடத்துப் புற்றுகளை முதலில் 50 பேரிடமும் பிறகு சரிபார்ப்புக்காக 60 பேரிடமும் படித்தன. டிபி53, ஃபேட்1, கேஸ்ப்8, ஹெச்ராஸ், நாட்ச்1 ஆகியவற்றோடு, யூஎஸ்பி9எக்ஸ், ஏஆர்ஐடி2 போன்ற சில புதிய பெயர்களும் வந்தன. இவற்றில் ஃபேட்1ஐ மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அது செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் புரதங்களின் இனத்தைச் சேர்ந்தது. அக்கம்பக்கத்தில் இடமில்லை, வளராதே என்ற சேதியை ஹிப்போ என்ற சமிக்ஞைப் பாதை வழியாக உள்ளே அனுப்புவதில் அதற்குப் பங்குண்டு. ஃபேட்1 போனால் அந்தச் சேதி போகாது. அடக்கி வைத்திருந்த யாப்1 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து வளர்ச்சிக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக முடுக்கிவிடும்.

இந்த நூலின் அடுத்த முனை கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. சுபாங் ஜெயாவில் 2001இல் கேரிஃப் என்ற பெயரில் தொடங்கி இன்று கேன்சர் ரிசர்ச் மலேசியா என்று வழங்கும் அறநிறுவனத்தில், சியோங் சோக் சிங் தலைமையிலான குழு மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாய்ப்புற்று ஆய்வு மையத்தோடு சேர்ந்து ஒரு காரியத்தைப் பொறுமையாகச் செய்துவந்தது. அறுவையில் எடுத்த கட்டிகளிலிருந்து செல்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வாழப் பழக்குவது. பத்தில் ஒன்று பிழைத்தால் அதிர்ஷ்டம் என்கிற மாதிரியான வேலை. பிழைத்தவற்றுக்கு ஓஆர்எல் 48, ஓஆர்எல் 115 என்று எண்ணிட்டார்கள். உலகச் சோதனைக்கூடங்களில் அதுவரை புழங்கிய வாய்ப்புற்றுச் செல்கள் பெரும்பாலும் சிகரெட்டும் மதுவும் பழகிய வெள்ளைக்காரர்களுடையவை. இவை வெற்றிலை போட்ட மலேசியர்களின் வாயிலிருந்தும் வந்தவை. அடையாளம் நீக்கிய எண்களுக்குப் பின்னால் எத்தனை தோட்டப் பாட்டிகள் இருக்கிறார்களோ.

2020இல் அந்தக் குழு, இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தோடு சேர்ந்து, பெரும்பாலும் ஆசியர்களிடமிருந்து எடுத்த 21 செல் வரிசைகளில் கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டுக்கத்தியைக் கொண்டு ஏறத்தாழ எல்லா மரபணுக்களையும் ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தது. கேள்வி எளிமையானது: எதை வெட்டினால் புற்றுச்செல் சாகிறது? 918 மரபணுக்கள் சிக்கின. வியப்பு என்னவென்றால், வாய்ப்புற்றுக்குப் பேர்போன மரபணுக்கள் பல அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை வெட்டினாலும் செல் தன்பாட்டுக்கு வாழ்ந்தது. நோயைத் தொடங்கி வைத்த மரபணு வேறு, தொடங்கிய நோய் அன்றாடம் நம்பிப் பிழைக்கும் மரபணு வேறு. பட்டியலில் துலக்கமாக வந்தவை ஹிப்போ பாதையின் யாப்1ம் அதன் உடன்பிறப்பான டாஸும். சில செல்களில் ஒன்றை வெட்டினால் மற்றது வந்து தாங்கிக்கொள்ளும். சிலவற்றில் அப்படித் தாங்க முடியாது. ஃபேட்1 என்ற அறுந்த பிரேக்கை ஒட்ட முடியாவிட்டாலும், அது அறுந்ததால் ஓடத் தொடங்கிய சக்கரத்தைப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே கால் ஊன்ற இடம் கிடைத்திருக்கிறது. கையில் மருந்தாக வருவது பின்னால் பார்க்க வேண்டியது. ஆனால் கல்யாணியில் பெயர் எழுதிய மரபணுவுக்குச் சுபாங் ஜெயாவில் வழி தேடுகிறார்கள் என்பதை நம் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

பரம்பரைக்கு வருகிறேன். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2009இல் செய்த ஒரு கணக்கில், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குத் தலை, கழுத்துப் புற்று இருந்தால் ஒருவருக்கு அபாயம் 1.7 மடங்கு. குடும்பத்தில் நோயும் இருந்து, தானும் புகையிலை, மது இரண்டும் பழகினால் 7.2 மடங்கு. இரண்டையும் தொடாதவர்களிடம் குடும்பத் தொடர்பே தென்படவில்லை. இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். வழிவழியாக வரும் அபாயம் பூஜ்யம் என்று இதற்கு அர்த்தமில்லை. பழக்கம் என்ற தீக்குச்சி உரசினால்தான் அது பற்றுகிறது. ஒரே வீட்டில் ஒரே பெட்டியைச் சுற்றி உட்காரும் குடும்பத்தில் எது ரத்தம், எது பழக்கம் என்று பிரிப்பதும் லேசில்லை.

தனித்தனி மரபணு வேறுபாடுகளைத் தேடிய ஆய்வுகள் ஏராளம். டிபி53இன் 72ஆவது இடத்தில் ஒருவருக்கொருவர் மாறும் எழுத்தைப் பற்றி மட்டும் ஊருக்கொரு முடிவு வந்தது. மலேசியாவில் பார்த்தபோது வாய்ப்புற்றோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை. விஷத்தைச் செரிக்கும் நொதிகளின் வேறுபாடுகளிலும் இதே இழுபறி. 2016இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஹெச்எல்ஏ பகுதியில் தொண்டைப்புற்றிலிருந்து காக்கும் ஒரு வேறுபாட்டைக் கண்டது. அதில் இருந்தவர்கள் ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவர்கள். உண்மையிலேயே வன்மையான பரம்பரைக் காரணம் என்றால் ஃபான்கோனி ரத்தசோகை. டிஎன்ஏ பழுதுபார்க்கும் கருவியே பிறவியில் உடைந்திருக்கும், இளவயதிலேயே வாய்ப்புற்று வரும். ஆனால் அது அபூர்வம்.

பரம்பரையின் பங்கு தெளிவாகத் தெரியும் கழுத்துப்புற்று ஒன்று இதே மலேசியாவில் உண்டு. அது நமக்கு அதிகம் வருவதில்லை. மூக்குக்குப் பின்னால் தொண்டையின் உச்சியில் வரும் நாசித்தொண்டைப் புற்று. சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் மிகுதி. எப்ஸ்டீன் பார் வைரஸ் கூட்டாளி. அந்த வைரஸ் உலகில் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றியிருக்க, சிலருக்கு மட்டும் புற்றாவது ஏன் என்ற கேள்விக்கு ஹெச்எல்ஏ வேறுபாடுகள் ஒரு பகுதி விடையாக நிற்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இங் சிங் சிங் ஜப்பானிய ரிக்கென் நிறுவனத்தோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, மலேசியச் சீனரிடம் ஐடிஜிஏ9 என்ற மரபணுவையும் சுட்டியது. ஒரே கழுத்து, ஒரே நாடு, இரண்டு புற்று. அண்டைவீட்டுச் சீன அம்மா ரத்தத்தைக் கேட்டால் அதில் நியாயம் கூடுதல். நாம் கேட்க வேண்டியது பெட்டியை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஜீன் டெஸ்ட் விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். 2018இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் ஆரோக்கியமான மனிதர்களின் உணவுக்குழாய்த் தோலைப் படித்தபோது, நடுவயதிலேயே அதன் பெரும்பகுதியைப் பிறழ்வுள்ள செல்கள் பிடித்திருந்தன. நாட்ச்1 பிறழ்வு உணவுக்குழாய்ப் புற்றில் இருப்பதைவிட நல்ல தோலில் அதிகம்! ஆகவே பிறழ்வைக் கண்டதும் புற்று என்று பதறுவதில் பொருளில்லை. எது, எதோடு சேர்ந்து, எந்த வரிசையில் என்பதைப் பார்க்க வேண்டும். வாயின் வெண்படலங்களில் 9ஆவது, 3ஆவது குரோமோசோம்களின் குட்டைக்கரம் அறுந்திருந்தால் புற்றாகும் அபாயம் கூடுதல் என்று நிறுவியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்து எர்லோட்டினிப் மாத்திரை கொடுத்துத் தடுக்க முயன்ற சோதனையின் முடிவு 2016இல் வந்தது. அபாயத்தைச் சரியாகக் கணித்தார்கள். மாத்திரை தடுக்கவில்லை. மற்ற மருந்துகளின் கதையும் சுருக்கம்தான்: செடுக்சிமாப் 2006இல், நோயெதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பெறுபவர்களில் சிலருக்கு நன்றாகக் கேட்கும், விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

சுபாங் ஜெயா குழுவினரே மரபணு ஆய்வோடு நிற்காமல் மெமோசா என்ற கைப்பேசிச் செயலியையும் உருவாக்கினார்கள். ஊரில் இருக்கும் பல் தாதி வாயைப் படமெடுத்து அனுப்ப, நிபுணர் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லலாம். கிறிஸ்பர் பிடித்த கைகள் எதற்காகக் கேமராவையும் பிடிக்கின்றன என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

போன தைப்பூசத்துக்குக் கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் அத்தையோடு மாலை வாங்கப் போனேன். பூக்கடையின் ஓரத்தில் வெற்றிலையை அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். அத்தை இரண்டு கட்டு வாங்கினார். ஒன்று சாமிக்கு, ஒன்று தனக்கு. சின்னப்பாட்டியின் மகள் அவர். கார் நிறுத்தத்தில் அதே கேள்வி: "ஏய்யா, இந்த ஜீன் டெஸ்ட் எவ்வளவு ஆகும்?" ஆட்காட்டி விரலையும் அடுத்த இரண்டையும் சேர்த்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக வையுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே வைத்தார். இரண்டு விரல் நுழைந்தது. மூன்றாவது நுழையவில்லை. வலது கன்னத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன், உள்ளே வெளிறிய பட்டை ஒன்று கயிறுபோல ஓடியது. செவ்வாய்க்கிழமை அரசாங்கப் பல் கிளினிக்கில் எண் எடுத்திருக்கிறோம்.